கனகலிங்கம் மேளம் கேட்கப் போன நான்கு நாட்கள்

கனகலிங்கத்தை யாரும் கெட்டவர் என்று சொன்னதில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருபது வருடம் குடியிருந்தும் அண்டை வீட்டாரோடு ஒரு வேலிச் சண்டைகூடப் போடாத மனிதர் அவர். கோலாலம்பூர் சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார். அவர் செய்த பிழை ஒன்றுதான்: ஊரிலிருந்து வந்த ஒரு கடிதத்தை நான்கு நாட்கள் பிரிக்காமல் வைத்திருந்தார். அந்தப் பிழையின் விலையை அவர் கொடுக்கவில்லை, அவருடைய தங்கை சிவமலர் கொடுத்தாள்.

அவர் பிறந்த ஊர் யாழ்ப்பாணத்து இணுவில். தவிலும் நாதஸ்வரமும் பிறக்கும் ஊர் அது. காலையில் பல் விளக்கும்போதே யாரோ ஒருவர் வீட்டில் தவில் பழகும் சத்தம் கேட்கும். கனகலிங்கம் வாத்தியம் எதுவும் பழகவில்லை. காது மட்டும் பழகியிருந்தது. பத்தொன்பது வயதில் மலாயாவுக்குக் கப்பலேறி வந்து வேலையில் சேர்ந்த பிறகு, அந்தக் காதுக்குத் தீனி இல்லாமல் போனது. அலுவலகத்தில் வழிச்சீட்டு எழுதும்போது இடது கை மேசையில் தாளம் போடும். பெரிய துரை இரண்டு முறை கண்டித்தார். மூன்றாம் முறை கை தொடைக்கு இறங்கிவிட்டது.

ரயில்வேக்காரர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை இலவசப் பயணப் பாஸ் உண்டு. மற்றவர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். கனகலிங்கம் வேறு மாதிரி யோசித்தார். பங்குனி, சித்திரை மாதங்களில் சிலாங்கூர் முழுக்கத் திருவிழா. ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், ஒரு ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து சைக்கிளில் தோட்டத்துக் கோயிலுக்குப் போய் மேளம் கேட்டு, மறுநாள் அடுத்த ஸ்டேஷன். இப்படி நான்கு நாள். இதை அவர் ஃபூல்ஸ்காப் தாளில் எழுதி வைத்தார். எந்த ரயில், எத்தனை மணி, ரயிலின் கடைசியில் இருக்கும் கார்டு வண்டியில் சைக்கிள் ஏற்ற எவ்வளவு நேரம், எட்டு மைல் மிதிக்க எவ்வளவு நேரம், எந்த ஊரில் யார் வீட்டில் குளிப்பது, எல்லாம் அதில் இருந்தது. டயர் பஞ்சரானால் எடுத்துக்கொள்ள வேண்டிய நேரத்துக்குக்கூட ஒரு கட்டம் போட்டிருந்தார்.

அந்தத் தாளைப் படித்துக் காட்ட அவருக்கு ஒரே ஆள்தான் இருந்தார். யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்த அய்யாவு. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். அவருக்கும் நாதஸ்வரம் என்றால் உயிர். பழைய சைக்கிள் ஒன்றும் இருந்தது.

"கிராணி ஐயா, ஒரு சந்தேகம்," என்றார் அய்யாவு தாளைப் பார்த்துவிட்டு. "ஒண்ணுக்குப் போறதுக்கு டைம் போடலையே?"

"அதெல்லாம் ரயிலுக்குள்ளேயே போகலாம்."

"உங்களுக்கு செகண்ட் கிளாஸ் பாஸ், அதுல கக்கூஸ் இருக்கு. எனக்குத் தேர்டு கிளாஸ்லா. நம்ம ரெண்டு சைக்கிளுதான் ஒரே வண்டியில ஒண்ணா போகும், நம்ம போகமாட்டோம்."

கனகலிங்கம் சிரித்துவிட்டுத் தாமும் மூன்றாம் வகுப்பிலேயே வருவதாகச் சொல்லி, அதையும் தாளில் எழுதிக்கொண்டார்.

திட்டம் போட்டது 1931இல். போனது 1934இல். நடுவில் இரண்டு வருடம் தட்டிப்போனதற்குக் காரணம் தங்கை. சிவமலருக்கு அப்போது இருபத்துநாலு வயது. கலியாணப் பேச்சு இரண்டு முறை வந்து முறிந்தது. முதலில் சாதகம் பொருந்தவில்லை. அடுத்ததில், வந்தவர்கள் பெண் கொஞ்சம் கறுப்பு என்று வீட்டுப் படலைக்கு வெளியே நின்று பேசிக்கொண்டது உள்ளே கேட்டுவிட்டது. அதன் பிறகு அவள் விசேஷங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள் என்று தகப்பனார் எழுதினார். அவள் காரியம் முடியாமல் நான் மேளம் கேட்கப் போவது சரியில்லை என்று கனகலிங்கம் ஒவ்வொரு வருடமும் தாளை மடித்து வைத்தார். அந்த அளவுக்கு அவர் நல்ல அண்ணன்தான்.

1934இல் பங்குனி உத்திரமும் புனித வெள்ளியும் ஒட்டி வந்தன. வியாழன் ஒரு நாள் லீவு எடுத்தால் ஞாயிறு வரை நான்கு நாள் கையில். அதோடு, இணுவிலிலிருந்தே ஒரு மேளக் கூட்டம் வந்திருந்தது. சிறுவயதில் அவர் வேலியோரம் நின்று கேட்ட தவில்காரர் அதில் இருந்தார். வியாழன் செமினித் தோட்டக் கோயில், வெள்ளி கிள்ளான், சனி துறைமுகத்துக் கூலிகள் கோயில் என்று கூட்டம் போகும் வழி, அவர் தாளில் இருந்த வழியோடு அப்படியே பொருந்தியது.

"போயிட்டு வாங்கோ," என்றாள் மனைவி தனலெட்சுமி. "நீங்கள் இருந்து தூணைப் பிடிச்சுக்கொண்டிருந்தாப்போல மாப்பிள்ளை வந்து குதிக்கப்போறாரே?"

புதன்கிழமை மாலை தபால்காரர் வந்தார். கனகலிங்கம் வாசலில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கி மேலே எழுதியிருந்ததைப் பார்த்தவுடன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

ஊரிலிருந்து வரும் கடிதத்தை எப்போதும் தகப்பனார்தான் எழுதுவார். சாய்ந்த, நெருக்கமான எழுத்து. இது வட்டமான எழுத்து, பள்ளிக்கூடத்துச் சட்டம்பியாரின் கை. சாவுச் செய்தியை இழவு வீட்டுக்காரர் தம் கையால் எழுதுவதில்லை, வெளியாள் ஒருவரைக் கொண்டு எழுதுவிப்பது ஊர் வழக்கம். தகப்பனாரின் தமையன், வீட்டில் எல்லோரும் பெரியையா என்று அழைக்கும் கிழவர், தை மாதத்திலிருந்து படுக்கையில் இருந்தார். "கஞ்சிதான் இறங்குகிறது, நாளோ வாரமோ" என்று போன கடிதத்தில் வந்திருந்தது. ஆக, பெரியையா போய்விட்டார். கனகலிங்கம் இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டிவிட்டார்.

பெரியையா செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. மேளம் நடக்கும் பந்தலில் இருக்கக்கூடாது. ஆனால் துடக்கு என்பது கேள்விப்பட்டவனுக்குத்தான். கேள்விப்படாதவனுக்கு இல்லை. கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கடிதம் பிரிக்கப்படாதவரை பெரியையா சாகவில்லை.

தனலெட்சுமி அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள். "ஆரின்ர கடதாசி?"

"ஊரிலயிருந்து."

"பிரியுங்கோவன்."

"ஞாயிற்றுக்கிழமை வந்து பிரிக்கிறன்."

அவள் உறையைப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கியது. "இஞ்சேருங்கோ, செத்தவர் செத்தவர்தான். நாலு நாள் பொறுத்துப் பாத்தால் எழும்பி வருவரே?"

"அதைத்தான் நானும் சொல்லுறன். வரமாட்டார். பிறகென்ன அவசரம்?"

"எண்டால் தாங்கோ, நான் வாசிக்கிறன். உங்களுக்குச் சொல்லமாட்டன்."

"நீ சொல்லவேண்டாம். உன்ர மூஞ்சி சொல்லிப்போடும்," என்று சொல்லி, அவள் கைக்கு எட்டாமல் கடிதத்தைத் தம் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அவள் பிரித்துவிடுவாள் என்ற பயத்தில், மறுநாள் அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பிரிக்காத அந்தக் கடிதத்தில் இருந்தது இதுதான். பெரியையா எழுந்து நடமாடுகிறார். தகப்பனாருக்கு வலது கைப் பெருவிரலில் நகச்சுற்று வந்து, பேனா பிடிக்க முடியவில்லை. அதனால் சட்டம்பியாரைக் கொண்டு எழுதுவிக்கிறார். உரும்பிராயில் ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. பெரியையா தடி ஊன்றிக்கொண்டு தாமே போய்ப் பேசியது. சாதகம் பொருந்துகிறது. மாப்பிள்ளை சண்முகரத்தினம், கிள்ளான் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். கலியாணம் செய்வதற்கென்றே லீவு எடுத்து, 31ஆம் திகதி சனிக்கிழமை கப்பலேறுகிறார். அதற்குள் நீ நேரில் போய்க் கண்டு, இத்துடன் வரும் சிவமலரின் படத்தைக் கொடுத்து, எங்கள் பக்கம் சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல். பெண் பக்கம்தான் முதலில் வாய் திறக்கவேண்டும் என்பது உனக்குத் தெரியும். அவருடைய தாயாரும் அவருக்கு எழுதியிருக்கிறார், உன்னை எதிர்பார்த்திருப்பார். கொக்குவிலிலும் ஒரு பெண்ணைச் சொல்லி வைத்திருக்கிறார்களாம், ஆகையால் தாமதிக்காதே.

இந்தக் கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கனகலிங்கம் வியாழன் காலை ரயிலேறினார்.

அந்த வியாழனைப் போல ஒரு நாள் அவர் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காஜாங்கில் இறங்கிச் சைக்கிளை இறக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தார், தாளில் எழுதியதைவிட இரண்டு நிமிடம் முன்னால். செமினிச் சாலையில் இரண்டு பக்கமும் ரப்பர் மரம். வெயில் இலைக்குள் வடிந்து வந்தது. அய்யாவு ஏற்றத்தில் இறங்கித் தள்ளினார், கனகலிங்கம் பிடிவாதமாக மிதித்தார்.

"மெதுவா வாங்க கிராணி ஐயா. மேளக்காரங்க லோரியிலதான் வராங்க. நம்ம முன்னாடி போய் அவங்களுக்கு வாசிச்சுக் காட்டவா போறோம்?"

தோட்டத்துக் கோயில் தகரக் கூரை போட்டது. பால் வெட்டி முடித்து, குளித்து வந்த சனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் தோட்டத்துக்காரர்களே தப்பு அடித்தார்கள். பிறகு உடுக்கை. சாமி புறப்பட்டபோது இணுவில்காரர்கள் மல்லாரி எடுத்தார்கள். தவில்காரருக்கு இப்போது தலை நரைத்திருந்தது. கை நரைக்கவில்லை. கனகலிங்கம் இருபது வருடம் தொடையில் ஒளித்து வைத்திருந்த கையை வெளியே எடுத்து, பயமில்லாமல் தாளம் போட்டார். இடையில் ஒருமுறை கோட்டுக்குள் கடிதம் மொரமொரத்தது. பெரியையாவை நினைத்துக்கொண்டார். அவரும் மேளம் என்றால் சாப்பாட்டை விட்டு எழுந்து போகிற மனிதர், கோபிக்கமாட்டார் என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காஜாங் திரும்பி ரயிலேறி, கோலாலம்பூரில் மாறி, மூன்று மணிக்குக் கிள்ளானில் இறங்கினார்கள். கோயிலுக்கு முன்னால் வீதியை அடைத்துப் பந்தல். நல்ல கூட்டம். கனகலிங்கம் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார இடம் தேடினார்.

"இருங்கோ, இஞ்ச இடமிருக்கு," என்று ஒருவர் நகர்ந்து கொடுத்தார். முப்பத்திரண்டு வயதிருக்கும். வெளுத்த வேட்டி. நகம் ஒட்ட வெட்டியிருந்தது, கையில் கார்பாலிக் சோப்பின் மணம்.

"தம்பி ஆஸ்பத்திரியிலயோ?" என்றார் கனகலிங்கம்.

"ஓம், டிரெஸ்ஸர். பேர் சண்முகரத்தினம். ஊர் உரும்பிராய்."

"அட, பக்கம்தான். நான் இணுவில். கனகலிங்கம். ரயில்வேயில இருக்கிறன்."

சண்முகரத்தினம் சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிரிக்பீல்ட்ஸோ?"

"ஓம்."

"வருவீங்கள் எண்டுதான் நினைச்சன்."

"வராமல் இருப்பனோ? இணுவில் மேளம் வந்திருக்கேக்க இணுவிலான் வீட்டில கிடப்பானோ?" என்று சொல்லிக் கனகலிங்கம் சிரித்தார். பக்கத்தில் அய்யாவும் சிரித்தார். சண்முகரத்தினமும் மரியாதைக்குச் சிரித்தார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் கனகலிங்கம் பேசினார். தவில்காரரின் தகப்பனைப் பற்றி, செமினியில் கேட்ட மல்லாரியைப் பற்றி, சைக்கிளைக் கார்டு வண்டியில் எப்படிச் சாய்த்து வைக்கவேண்டும் என்பதைப் பற்றி. சண்முகரத்தினம் ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாமாக எதையும் எடுக்க அவரால் முடியாது. உங்கள் தங்கையை எனக்குத் தாருங்கள் என்று மாப்பிள்ளையே கேட்பது அந்த நாளில் அந்த ஊர்க்காரர்களுக்குள் வெட்கக்கேடு. ஆனால் ஒரு கதவைத் திறந்து வைக்கலாம். மேளம் சற்று ஓய்ந்த நேரத்தில் அதைச் செய்தார்.

"அண்ணை, ஊரிலயிருந்து கடதாசி வந்திருக்குமே?"

கனகலிங்கத்தின் கை மடியில் இருந்த கோட்டின் மேல் போனது. வந்தது, ஆனால் பிரிக்கவில்லை என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். சாவைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் என்று கோயில் வாசலில் இருந்துகொண்டு எப்படிச் சொல்வது? வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவருக்குப் பொய்யும் அளவாக வராது.

"வந்தது வந்தது. எல்லாரும் சுகம்," என்றார்.

"வேற விசேசம் ஒண்டும் எழுதேல்லையோ?"

"என்ன விசேசம். வழமையானதுதான்."

சண்முகரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோடி முழுவதும் முடியும்வரை மேளக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது, "நான் நாளைக்குக் கப்பலேறுறன், அண்ணை. வீட்டுக்குச் சொல்லிவிட ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். ஒரு மனிதர் அதற்கு மேல் இறங்கிவர முடியாது.

"மேளம் கேட்டனான் எண்டு சொல்லிவிடுங்கோ, பொறாமைப்படட்டும்," என்றார் கனகலிங்கம்.

இருட்டுவதற்குள் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தபோது அய்யாவு சொன்னார்: "அந்த டிரெஸ்ஸர் உங்க மூஞ்சிய விட்டுக் கண்ண எடுக்கலைங்க. எதோ கேக்க வந்து வாயில வராம முழுங்கின மாதிரி இருந்துச்சு."

"தம்பி ஒருத்தனுக்கு ரயில்வேயில வேலை கேக்க நினைச்சிருப்பார்," என்றார் கனகலிங்கம். "கேட்டிருந்தால் பாத்திருக்கலாம். நல்ல பெடியன்." பிறகு, இலையைப் பார்த்துக்கொண்டே, "கலியாணம் முடிச்சவரோ தெரியேல்லை. எங்கட சிவமலருக்கு இப்பிடி ஒருத்தர் அமைஞ்சால் நல்லது. கேட்காமல் விட்டிட்டன்," என்றார்.

"நாளைக்குத் துறைமுகத்துக்குத்தானே போறோம். கேட்டுப் பாருங்களேன்."

"கப்பலேறுற மனுசனைப் பிடிச்சு நடுவழியில கேக்கிறதோ? ஐயாவுக்கு எழுதி முறையாக் கேப்பம்."

சனிக்கிழமை கிள்ளானிலிருந்து போர்ட் ஸ்வெட்டன்ஹாமுக்கு ஐந்து மைல் சைக்கிள் மிதித்தார்கள். கப்பல் நங்கூரம் எடுக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள், துறைமுகம் சேரும் அந்த நேரமும் தாளில் எழுதியிருந்ததுதான். மேல்தட்டில் சண்முகரத்தினம் நிற்பது தெரிந்தது. கனகலிங்கம் கை காட்டினார். அவர் கை காட்டவில்லை. வெயிலில் கண் கூசியிருக்கும் என்று கனகலிங்கம் நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு, கிள்ளான் சாலை வழியே சுங்கை வே வரை மிதித்து, அங்கே தோட்டத்தில் காவடிச் சிந்து கேட்டு, ரயிலேறி மாலையில் வீடு வந்தார். குளித்தார். தனலெட்சுமி அழுவதற்குத் தயாராக முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவர் உறையைக் கிழித்தார். படம் முதலில் விழுந்தது.

இரண்டு முறை வாசித்தார். பிறகு தனலெட்சுமி வாங்கி வாசித்தாள். அவள் தரையில் விழுந்த படத்தை எடுத்துத் துடைத்து, அவர் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். 

திங்கட்கிழமை காலை தந்தி அடித்தார்: மாப்பிள்ளையைக் கண்டேன், பூரண சம்மதம். கப்பல் கொழும்பு சேர்வதற்கு முன்னே தந்தி இணுவில் போய்விட்டது. வீட்டில் சந்தோஷமாக வெற்றிலைத் தட்டு வைத்துக் காத்திருந்தார்கள். வந்து இறங்கிய சண்முகரத்தினம் தாயிடம் சொன்ன பதில் சுற்றி வந்து சேர்ந்தது. "கடதாசி வந்தது, விசேசமில்லை எண்டு அவரே கோயிலடியில வைச்சுச் சொன்னவர். ஒரு மணித்தியாலம் சைக்கிளைப் பற்றிக் கதைச்சவர். மூண்டு நாளில மனம் மாறித் தந்தி அடிக்கிற வீட்டில எனக்குச் சம்பந்தம் வேண்டாம்." ஆனி மாதம் அவருக்குக் கொக்குவிலில் கலியாணம் நடந்தது.

கனகலிங்கம் உண்மையை எழுதியிருந்தால் ஒருவேளை சண்முகரத்தினம் இறங்கி வந்திருக்கலாம். ஆனால் என்ன என்று எழுதுவது? பெரியையா செத்துவிட்டார் என்று நினைத்து, மேளம் கேட்பதற்காகக் கடிதத்தைப் பிரிக்கவில்லை என்றா? அந்தப் பெரியையாதான் தடியூன்றிப் போய் மாப்பிள்ளை கண்டுபிடித்தவர். கடிதம் பிந்திக் கிடைத்தது என்று எழுதினார். அதை யாரும் நம்பவில்லை. நகச்சுற்று ஆறியபிறகும் தகப்பனார் இரண்டு மாதம் எழுதவில்லை.

பெரியையா அதன் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். அவர் போனபிறகு தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனார்கள். 1936இல் கனகலிங்கம் லீவில் ஊருக்குப் போய்ச் சிவமலரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் குவார்ட்டர்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வந்த மூன்றாம் மாதம், அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி வேலை பழகச் சேர்ந்துவிட்டாள். கை சுத்தம், பேச்சு சுருக்கம், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அவளைப் பிடித்திருந்தது.

1938இல் கனகலிங்கத்தின் வலது பாதத்தில் புண் வந்தது. சீனி வியாதி இருந்ததை அவர் சட்டை செய்யவில்லை. ஆணி குத்திய இடம் ஆறவில்லை. சிவமலர் தினமும் டியூட்டிக்குப் போகும் முன் காலையில் கட்டு மாற்றினாள்.

அந்த நாட்களில் தனலெட்சுமி ஒரு பேச்சு எடுத்தாள். சிரம்பானில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், மனைவி இறந்தவர், பிள்ளைகள் இல்லை. ஒரு படம் கொடுத்தால் காட்டலாம் என்றாள்.

"படம் குடுக்கவேண்டாம், மச்சாள்," என்றாள் சிவமலர். "ஒருக்காக் குடுத்தது போதும். கிள்ளான்காரர் பாத்துப்போட்டுத்தானே வேண்டாமெண்டவர்."

தனலெட்சுமி கணவரைப் பார்த்தாள். கனகலிங்கம் தரையைப் பார்த்தார். நான்கு வருடமாகச் சிவமலர் இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஊரில் யாரும் அவளுக்கு விவரம் சொல்லவில்லை. படம் போனது, மாப்பிள்ளை மறுத்தார், இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். மிச்சத்தை அவளே சேர்த்துக்கொண்டாள், படலைக்கு வெளியே கேட்ட பேச்சையும் கூட வைத்து.

மறுநாள் காலை அவள் கொதித்து ஆறிய வெந்நீரும் துணியும் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் காலை நீட்டினார்.

"வலிச்சால் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். வலியைப் பற்றி அல்ல. சட்டம்பியாரின் எழுத்து, துடக்கு, கோட்டுப்பை, கிள்ளான் பந்தல், தாம் சொன்ன வார்த்தைகள், ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். அவள் பழைய கட்டை அவிழ்த்து, புண்ணின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கை ஒரே சீராகத்தான் போனது. சொல்லி முடித்தபோது மருந்துத் துணி வைத்தாகிவிட்டது.

"அப்ப அவர் படத்தைப் பாக்கவேயில்லை."

"இல்லை, பிள்ளை. அது என்ர பெட்டிக்குள்ள கிடக்கு."

அவள் கட்டுத் துணியைச் சுற்றினாள். "நாலு வருசமா நான் படம் எடுக்கிற இடத்தில நிக்கிறேல்லை. நேர்ஸ்மார் எல்லாரும் சேந்து எடுக்கேக்க தலையிடி எண்டு சொல்லி வந்திட்டன்."

அவருக்குத் தெரியாது. அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

"மேளம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள்.

மனம் அதில் நிற்கவில்லை என்று சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அது பொய். "நல்லா இருந்தது," என்றார். "அப்பிடி நான் கேட்டதில்லை."

அவள் முடிச்சுப் போட்டாள். இறுக்கமாகவும் இல்லை, தளர்வாகவும் இல்லை. படத்தைக் கேட்டு வாங்கி, பார்க்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனாள்.

அவர் எதிர்பார்த்தது திட்டு. அழுகை. ஒரு வாரம் பேசாமல் இருப்பது. எதுவும் நடக்கவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வெந்நீரோடு வந்தாள். அவர் பேச்சை எடுக்கப் பார்த்தபோது, "காலை ஆட்டாதேங்கோ," என்றாள். இரண்டு முறை எடுத்தார், இரண்டு முறையும் அதே பதில். சிரம்பான்காரருக்கு வேண்டாம் என்று தானே தனலெட்சுமியிடம் சொல்லிவிட்டாள். கோபத்தில் இல்லை. முப்பது வயதில் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு இன்னொருவர் அடுப்படிக்குப் போக விருப்பமில்லை என்று சொன்னாள். நான்கு வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் விருப்பம் இருந்திருக்கும் என்பதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வைகாசியில் அவளுக்குக் காஜாங்கில் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து, கட்டை அவிழ்த்துப் பார்த்து, தனலெட்சுமிக்கு எப்படிக் கட்டுவது என்று மறுபடி காட்டிக்கொடுத்து, சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் போனாள். கனகலிங்கம் ஞாயிறு காலையிலேயே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். சீனி போடாத கோப்பியை முகம் சுளிக்காமல் குடித்தார். சொன்ன மருந்தைச் சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டார். புண் ஆறினால் அவள் வருவதற்குக் காரணம் இருக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் மருந்தில் ஏமாற்றவில்லை.

புண் ஆடி மாதம் ஆறிவிட்டது.